படத்தில் இருவர்!



நம் பக்கத்து விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் நாய்க்கு, 2005ம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. அதில் நாய் உண்டு, வளர்த்தவர் இல்லை. அந்தக் குறையை நீங்கள் தீர்க்கலாமே!

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில், அறுவடை முடிந்த வயலில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுவர். இரவில் கீதாரியுடன் அவரது நாயும் காவல் இருக்கும். அவர் தூக்குவாளியைத் திறந்தால், அதற்கும் ஒரு பங்கு உண்டு. உங்கள் தெருவிலும் இப்படி ஒரு ஜோடி இருக்கும். அவர்களைப் படம் எடுங்கள். அப்பாவின் மொபைல் போனே போதும்.

முதலில் வளர்ப்பவரிடம் அனுமதி கேளுங்கள். நாய் சாப்பிடும்போதும், குட்டிகளுடன் இருக்கும்போதும் கிட்டே போகாதீர்கள். பிளாஷ் வேண்டாம், காலை வெயில் போதும். சற்றுத் தள்ளி உட்கார்ந்து, நாயின் கண் உயரத்தில் எடுங்கள். நாய் அவரைப் பார்க்கும் நொடிதான் படம்!

பிரின்ட் போட்டு, பின்பக்கம் இருவர் பெயரையும் தேதியையும் எழுதி, ஒன்றை அவருக்கே கொடுங்கள்.

நான் பள்ளியில் படித்தபோது, எங்கள் வீட்டு மணி தினமும் வாசலில் எனக்காகக் காத்திருக்கும். அதற்கு ஒரு படம்கூட இல்லை. அதன் காது ஒன்று மடங்கியிருக்கும். எந்தக் காது என்பது இப்போது மறந்துவிட்டது. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.