பேர் இல்லாமல் கிடந்த கனிமம்



நம் பூமியில் எந்தக் கனிமம் ரொம்ப அதிகம் தெரியுமா? அதன் பெயர் பிரிட்ஜ்மனைட். பூமியின் மொத்தக் கன அளவில் சுமார் 38 சதவீதம் இதுதான். ஆனால் 2014 வரைக்கும் இதுக்குப் பேரே கிடையாது!

பூமியின் மேலோட்டுக்குக் கீழே கவசம் இருக்கிறது என்று படித்திருப்பீர்கள். அதன் மேல்பகுதியில் ஒலிவின் என்ற பச்சைநிறக் கனிமம் நிறைய உண்டு. ஆழம் போகப் போக அழுத்தம் கூடும். காலையில் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் "உள்ளே போ, உள்ளே போ"ன்னு சொன்னதும் எல்லாரும் நெருங்கி நிற்போமே, அதுமாதிரி அணுக்களும் நெருங்கி வேறு வரிசையில் நிற்கும். ஆட்கள் அதே ஆட்கள்தான், நிற்கிற விதம்தான் வேறு. இதைத்தான் படிக அமைப்பு மாறுகிறது என்கிறார்கள்.

410 கி.மீ. ஆழத்தில் ஒலிவின் வாட்ஸ்லியைட் ஆகும். சுமார் 520 கி.மீ.யில் ரிங்வுடைட். 660 கி.மீ.யில் அதுவும் தாங்காமல் இரண்டு கனிமமாகப் பிரிந்துவிடும். அதில் ஒன்றுதான் பிரிட்ஜ்மனைட். அங்கே அழுத்தம் நம்ம காற்றழுத்தத்தைப்போல 2 லட்சம் மடங்குக்கும் மேல்! மேலே ஒரு சிலிக்கான் அணுவைச் சுற்றி 4 ஆக்சிஜன் இருந்தது, இங்கே 6 ஆகிவிடும்.

யார் போய்ப் பார்த்தது என்று கேட்பீர்கள். யாரும் போகலை. ரஷ்யாவில் கோலா என்ற இடத்தில் தோண்டிய துளையே 12 கி.மீ.தான். ஆனால் 410, 660 கி.மீ. ஆழங்களில் நிலநடுக்க அலைகளின் வேகம் திடீரென்று கூடுகிறது. ஆய்வகத்தில் இரண்டு வைர முனைகளுக்கு நடுவில் கனிமத்தை வைத்து நசுக்கியும் பார்த்தார்கள். அதனால் இது இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் இயற்கையில் கிடைத்த துண்டைக் காட்டினால்தான் கனிமத்துக்குப் பேர் வைப்பார்களாம்! மேலே கொண்டுவந்தால் அழுத்தம் குறைந்து அது வேறாக மாறிவிடும். அப்புறம் எங்கே காட்டுவது?

கடைசியில் கிடைத்தது வானத்திலிருந்து வந்த கல்லில். 1879-இல் ஆஸ்திரேலியாவில் டென்ஹாம் என்ற இடத்தில் விண்கல் விழுந்தது. அது விண்வெளியில் எதன்மீதோ மோதியபோது ஒரு நொடி நேரம் அவ்வளவு அழுத்தம் உண்டாகி, சட்டென்று ஆறிவிட்டது. அதனால் படிகம் பழையபடி மாறவில்லை. கண்ணுக்கே தெரியாத அந்தத் துணுக்குகளை ஆலிவர் சவுனர், சி மா என்ற விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். உயர் அழுத்த ஆய்வுக்காக 1946-இல் நோபல் பரிசு பெற்ற பெர்சி பிரிட்ஜ்மன் பெயரை வைத்தார்கள். அவர் 1961-லேயே இறந்துவிட்டார்.

– 9-ஆம் வகுப்பு மாணவி