முகமா, முகவரியா?

ஜப்பானில் ‘பிசினஸ் ஹோட்டல்’ எனப்படும் சிக்கன விடுதிகள் பெரும்பாலும் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கும். ஒரு கட்டில், சிறு மேசை, நெருக்கமான குளியலறை, தூய்மைக்குக் குறைவிராது. இன்னும் சிக்கனமாக உறங்க ‘கேப்சூல்’ விடுதிகள் உண்டு. கட்டிடக் கலைஞர் கிஷோ குரோகாவாவின் வடிவமைப்பில் 1979இல் ஒசாகாவில் திறக்கப்பட்டது அவற்றுள் முதலாவது. டோக்கியோவில் வசித்துக்கொண்டு பணி நிமித்தம் வெளியூர் செல்லும் என்னைப் போன்றோருக்கு இவையே புகலிடம். ஆனால், சாவியைப் பெறும் முன்பு ஒரு கோரிக்கையைப் பலமுறை எதிர்கொள்கிறோம்: ‘கடவுச்சீட்டைக் காட்டுங்கள்.’

சட்டம் அப்படிக் கேட்கச் சொல்லவில்லை. ஜப்பானின் விடுதித் தொழில் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. பயங்கரவாதத் தடுப்பு நடவடிக்கைகளின் ஒரு பகுதியாக, 2005 ஏப்ரல் முதல் புதிய விதி ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவரின் நாட்டுரிமையையும் கடவுச்சீட்டு எண்ணையும் விடுதிகள் பதிவுசெய்ய வேண்டும். ஜப்பானில் முகவரி உள்ளவர் எந்நாட்டவராயினும் அந்த முகவரியை எழுதிக்கொடுத்தால் போதுமானது. கடவுச்சீட்டைக் காட்ட வேண்டியதில்லை என்று நலவாழ்வு அமைச்சகமும் விளக்கியிருக்கிறது.

கடவுச்சீட்டு இல்லையென்றால், அடுத்து ‘குடியிருப்பு அட்டை’ கேட்கப்படுகிறது. இந்த அட்டையை எப்போதும் உடன் வைத்திருப்பது எங்கள் கடமை. ஆனால், காவலர், குடியேற்ற அதிகாரி போன்றோர் கேட்டால் காட்ட வேண்டுமேயன்றி, விடுதி ஊழியரிடம் காட்டும் கடமை இல்லை.

பிறகு ஏன் கேட்கிறார்கள்? இதைக் காழ்ப்புணர்வு என்று நான் கருதவில்லை. குறைந்த கட்டணத்தில் இயங்கும் விடுதியில் இரவுப் பணிக்கு ஓரிருவரே இருப்பர். சுற்றுலாப் பயணியா, உள்ளூர்வாசியா என்று விசாரிக்க அவர்களுக்கு நேரமில்லை. தவறினால் நிர்வாகம் கேட்கும் என்ற அச்சமும் உண்டு. எனவே, அந்நியமாகத் தோன்றும் முகங்கள் அனைத்திடமும் ஆவணம் கேட்பது எளிதாகிவிடுகிறது.

‘அட்டையைக் காட்டுவதில் என்ன குறைந்துவிடும்?’ என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பிறந்த தேதி, நாட்டுரிமை, தங்கும் தகுதி, அது முடியும் நாள், வேலை அனுமதி ஆகிய அனைத்தும் அந்த அட்டையில் இருக்கின்றன. ஓர் இரவு உறக்கத்துக்காக அதன் நகலை விட்டுச்செல்வது சிறிய விலையன்று. அதைவிட முக்கியமானது, அருகில் நிற்கும் சக ஊழியர் பெயரும் முகவரியும் எழுதிவிட்டுச் சாவி பெறும்போது, அதே நகரில் வசித்து அதே வரியைச் செலுத்துபவர் மட்டும் தம்மை மெய்ப்பிக்க வேண்டியிருப்பது.

இந்தியாவில் வெளிநாட்டவர் தங்கினால், விடுதி 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கு அளவுகோல் குடியுரிமை. ஜப்பானியச் சட்டமோ முகவரியையே அளவுகோலாகக் கொண்டது. வசிப்பவரையும் வந்துபோகிறவரையும் பிரித்தறியும் அந்த நுட்பம் பாராட்டுக்குரியது. அது வரவேற்பு மேசையில் தொலைந்துபோவதே வருத்தம்.

2024 இறுதியில் ஜப்பானில் வாழும் வெளிநாட்டவரின் எண்ணிக்கை 37 லட்சத்தைக் கடந்தது. அவர்களுள் அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். முகத்தைக் கண்டு பயணி என முடிவுகட்டும் வழக்கம் இனியும் பொருந்தாது. தீர்வு எளிது: ‘ஜப்பானில் உங்களுக்கு முகவரி உண்டா?’ என்ற ஒரே கேள்வியை ஜப்பானியர் உட்பட அனைவரிடமும் கேட்கலாம். பல விடுதிகளில் உள்ள தானியங்கிப் பதிவு இயந்திரங்களில் அதையே முதல் கேள்வியாக வைக்கலாம். இல்லை என்பவரிடம் கடவுச்சீட்டைக் கேட்கட்டும். உண்டு என்பவரின் சொல்லைச் சட்டம் நம்புகிறது, விடுதியும் நம்பலாம்.