கோட்டை வீட்டுத் தோட்டமும் நம் வயல் வரப்பும்

ஓசூர்ப் பகுதி விவசாயிகளுக்குக் கோட்டை வீடு என்றால் புதிதல்ல. ஓசூர் பழைய சேலம் மாவட்டத்தில் இருந்த காலத்தில் அங்கு கலெக்டராக இருந்த பிரெட் என்ற வெள்ளைக்காரர், இவ்வூரின் குளிர்ச்சிக்கு மயங்கி, இங்கிலாந்திலுள்ள கெனில்வொர்த் கோட்டையின் பெயரில் இங்கே ஒரு மாளிகை எழுப்பினார். கோட்டையில்தான் குடியிருப்பேன் என்று சொன்ன மணப்பெண்ணுக்காகக் கட்டியது என்று ஊரார் கதை சொல்வார்கள். அந்த மாளிகை நிலைக்கவில்லை, சிதைந்து போயிற்று. கோட்டை வீடும் அதன் தோட்டமும் முழுமையாக இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் நாற்பது கிலோ மீட்டர் தள்ளி பெங்களூருக்குத்தான் போக வேண்டும்.

சென்ற மாதம் தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளைச் சேர்ந்த சிறு விவசாயிகள் இருபது பேருடன் அவ்வாறு போய் வந்தேன். காய்கறி நாற்றங்கால்களைப் பார்ப்பதற்காக ஏற்பாடு செய்த பயணம் அது. வழியில் பெங்களூர் அரண்மனையையும் பார்த்துவிடலாம் என்றார்கள். எனக்கும் ஆசைதான்.

காரெட் என்ற பாதிரியார் 1862-இல் தொடங்கிய கட்டடம் இது என்பார்கள். மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் சிறுவராக இருந்தபோது, அவருடைய பாதுகாவலர்களான ஆங்கிலேய அதிகாரிகள் 1873-இல் இதை விலைக்கு வாங்கி விரிவாக்கினார்கள். உருண்டை கோபுரங்கள், பல் வைத்த மதில்கள், சுவரில் ஏறிய கொடி என்று அசல் இங்கிலாந்துக் கோட்டை போலவே இருக்கிறது. உள்ளே தர்பார் மண்டபத்துக்கு ஏறும் வழியில் பதம் செய்த யானைத் தலை ஒன்று மாட்டியிருக்கிறது. யானைக் கால்களால் செய்த முக்காலிகளும் உண்டு. எங்கள் குழுவினர் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கேதான் வெகு நேரம் நின்றார்கள். ஒவ்வொரு ஆண்டும் ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக இறங்கும் யானைக் கூட்டத்துக்குப் பயந்து, பரணில் கண் விழிப்பவர்கள் அவர்கள்.

அரண்மனைத் தோட்டத்தை அமைத்தவர் ஜான் கேமரான். லால்பாக் தோட்டத்தின் கண்காணிப்பாளராக 1874 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். லால்பாக், ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய தோட்டம் என்பது பலருக்குத் தெரியும். அதில் பாடுபட்ட திகளர் என்ற தோட்டக்காரச் சமூகத்தார் தமிழ்ப் பகுதியிலிருந்து சென்றவர்கள் என்று சொல்லப்படுவது அவ்வளவாகத் தெரியாது. கேமரான் வெளிநாட்டுச் செடிகள் பலவற்றை வரவழைத்து இங்கே வளர்த்துப் பார்த்தார். மெக்சிகோ பக்கத்துக் கொடியான சௌசௌ அவற்றுள் ஒன்று. அதை நாம் பெங்களூர்க் கத்திரிக்காய் என்று அழைப்பது இதனால்தான்.

ஆனால் இப்படி அழகுத் தோட்டங்கள் வழியாக வந்தவை எல்லாம் சௌசௌ போல் நல்லவையாக அமையவில்லை. இதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

மாலையில் ஒரு நாற்றுப் பண்ணையில் தொட்டிச் செடிகளைப் பார்த்துக் கொண்டிருந்தோம். மஞ்சள் பூக் கொத்துடன் இருந்த ஒரு தொட்டியைத் தளியிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் தூக்கிப் பார்த்தார். இலையைக் கசக்கி முகர்ந்தார். "ஏன் சார், இது நம்ம உண்ணிச்செடிதானே? இதுக்குப் போய் காசா?" என்றார். அவர் சொன்னது சரி. பூவுக்காகத் தேர்ந்தெடுத்த ரகமே தவிர, உண்ணிச்செடிதான்.

அமெரிக்க வெப்ப நாட்டுச் செடியான இது, 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டு வரப்பட்டது. அங்கிருந்து நாடெங்கும் பரவி, இன்று நம் காடுகளின் அடியில் புல்லை முளைக்க விடாமல் புதராக மூடிக் கிடக்கிறது. யானை ஊருக்குள் வர இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மேய்ச்சல் குறைந்த காடு, காட்டு விலங்கையும் நம் மாட்டையும் ஒன்றாகவே பாதிக்கிறது. ஏரிகளை மூடும் ஆகாயத்தாமரையும் அழகுக்காக வந்ததுதான்.

பல விவசாயிகள் உண்ணிச்செடியை மாடு தின்னாத உயிர் வேலி என்று வரப்பில் விட்டு வைக்கிறார்கள். வறட்சியில் பசுந்தீவனம் கிடைக்காதபோது மாடு அதையும் தின்னும். தின்றால் கல்லீரல் கெடும். தீவனம் எடுக்காமை, மலச்சிக்கல், கண்ணில் மஞ்சள் நிறம், வெயில் பட்டால் மூக்கிலும் வெள்ளைத் தோலிலும் வெடிப்பு ஆகியவை அறிகுறிகள். மாட்டை உடனே நிழலில் கட்டிக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கைவைத்தியம் செய்து நாளைக் கடத்தினால் பிழைப்பது அரிது. இரண்டே பசுவை நம்பிப் பால் ஊற்றும் குடும்பத்துக்கு ஒரு பசு போவது பாதி வருமானம் போவதாகும்.

இதை அழிக்க நம்மவர்கள் அரிவாளால் வெட்டுகிறார்கள். இல்லையேல் தீ வைக்கிறார்கள். இரண்டும் பயனில்லை. வேரும் தண்டும் கூடுமிடத்திலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். டில்லிப் பல்கலைக் கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவர் குழுவினரும் கண்ட முறை எளிது. மண்ணுக்குக் கீழே இரண்டு அங்குல ஆழத்தில், துளிர் விடும் பகுதிக்கு அடியில், ஆணிவேரைக் குந்தாலியால் வெட்ட வேண்டும். பிறகு புதரை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிட வேண்டும். தண்டு மண்ணில் படாததால் மறுபடி வேர் பிடிக்காது. காய்ந்ததும் விறகாகும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, காய் பழுக்கும் முன் செய்வது உத்தமம். பழத்தைத் தின்ற குருவிகள் மரக்கிளையில் உட்கார்ந்து எச்சமிடுவதால், மரத்தடிகளில் நாற்று முளைக்கிறதா என்று அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குப் பார்த்துப் பிடுங்க வேண்டும். இதில் சோம்பினால் செய்த வேலை வீண். வேலி வேண்டுமென்றால் அதே இடத்தில் கிளுவை அல்லது நொச்சிப் போத்துகளை மழைக் காலத்தில் நடலாம்.

அந்த அம்மாள் தொட்டியை வைத்துவிட்டு, திரும்பும் வழியில் காய்கறிக் கடையில் முளை விட்ட சௌசௌக் காய் மூன்றை வாங்கி முந்தானையில் முடிந்து கொண்டார். எப்படி நடுவது என்று பஸ்ஸில் கேட்டார். சௌசௌவில் விதையைத் தனியே எடுக்கக் கூடாது. உள்ளிருக்கும் ஒற்றை விதை காயோடு சேர்ந்தே முளைக்கும். ஒன்றரை அடிக் குழி எடுத்து, மக்கிய தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, முளை மேலே இருக்கும்படி காயை முழுதாகச் சாய்த்து வைத்து, பாதிக்கு மேல் மூடாமல் மண் அணைக்க வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. கொடி ஏறுவதற்குள் பந்தல் தயாராக இருக்க வேண்டும். கிணற்றடியில் பழைய அவரைப் பந்தல் ஒன்று சும்மா இருப்பதாகச் சொன்னார்.