சிங்காரவேலரும் ரயில் வேலைநிறுத்தமும்

விழுப்புரத்திலிருந்து வளவனூர் வழியாகப் புதுச்சேரி போகும் ரயில் பாதை, ஒரு காலத்தில் தென்னிந்திய ரயில்வேயின் கையில் இருந்தது. அந்த ரயில்வேயின் தொழிலாளர்கள் 1928 ஜூலையில் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களோடு நின்ற தலைவர் ஒருவருக்கு அப்போது வயது 68. அவர்தான் சிங்காரவேலர்.

சென்னை மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். வக்கீல், பௌத்த அறிஞர். வீட்டிலேயே பெரிய நூலகம் வைத்திருந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தின்போது, 1921இல், வக்கீல் அங்கியைப் பொதுக்கூட்டத்தில் தீயிட்டுக் கொளுத்தினார். சோறு போட்ட தொழிலை அப்படி உதறுவது லேசான காரியமா?

1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

ரயில் வேலைநிறுத்தத்துக்காக அவருக்குக் கிடைத்தது பத்தாண்டுச் சிறைத் தண்டனை! மேல்முறையீட்டில் அது குறைந்து, 1930இல் வெளியே வந்தார். எழுபது வயதிலும் ஓயவில்லை. பெரியாரின் 'குடிஅரசு' இதழில், சாதாரண மக்களுக்குப் புரியும்படி அறிவியல் கட்டுரைகளை எழுதிக் குவித்தார்.