எனக்கொருத்திக்கு என்னத்துக்குச் சமையல்?

தனியாக வாழும் வயது முதிர்ந்த பெண்களின் வீடுகளுக்குப் போய் வருபவர்களுக்கு இந்தப் பதில் நன்கு பழக்கமானது. "சாப்பிட்டீங்களோ அம்மா?" என்று கேட்டால், "எனக்கொருத்திக்கு என்னத்துக்குப் பிள்ளை சமையல்? காலமை வாங்கின பாண் கிடந்தது. ஒரு தேத்தண்ணியோட அலுவல் முடிஞ்சுது" என்பார்கள். இதை அவர்கள் முறைப்பாடாகச் சொல்வதில்லை. சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

நாற்பது ஐம்பது வருடங்கள் ஒரு குடும்பத்துக்கே ஆக்கிப்போட்ட கைகள் அவை. கணவன், பிள்ளைகள், மாமியார், வந்தவர், போனவர் என்று ஆளுக்காளின் ருசி அறிந்து சமைத்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர் தனக்கென்று அரைச் சுண்டு அரிசி போடப் பஞ்சிப்படுகிறார் என்றால் அதை வெறும் பஞ்சி என்று எண்ணிவிடக் கூடாது. அரிசியும் காசும் இருக்கும் வீடுகளிலும் இதே பதிலைத்தான் கேட்கிறோம். சமைப்பதற்கு ஆள் இல்லாமற் போனதும், சமையலே அர்த்தமற்றதாகி விடுகிறது.

வீடு பெரிது, பானை சிறிது

இலங்கையில் 1981ஆம் ஆண்டு சனத்தொகைக் கணக்கெடுப்பின்போது 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 6.6 பேராக இருந்தனர். 2012ஆம் ஆண்டில் அது 12.4 ஆகியது. அதன் பின்னரும் உயர்ந்துகொண்டே வருகிறது. ஆண்களைவிடப் பெண்கள் கூடிய காலம் வாழ்வதால், வயது ஏற ஏறப் பெண்களின் பங்கும் கூடுகிறது. இவர்களில் பலர் கணவரை இழந்தவர்கள்.

வடக்குக் கிழக்கில் இதனோடு போரும் புலம்பெயர்வும் சேர்ந்துகொண்டன. நான்கு பிள்ளைகளைப் பெற்ற தாயின் ஒரு பிள்ளை கனடாவில், ஒன்று லண்டனில், ஒன்று கொழும்பில், ஒன்று படத்தில். பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் வீடு பெரிதாகியிருக்கிறது. நிலத்துக்கு மாபிள் போட்டாயிற்று. குசினியில் எரிவாயு அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் உண்டு. அடுப்பில் ஏறும் பானை மட்டும் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே போகிறது.

பாணும் தேநீரும் பிஸ்கட்டும் வயிற்றை நிரப்பும், உடம்பைத் தாங்காது. வயது போகப் போகத் தசைகள் மெலிவதால் மீன், முட்டை, பருப்பு, பயறு போன்ற புரத உணவு முதியவர்களுக்கு அவசியம். தாக உணர்வு குறைவதால் தண்ணீர் குடிப்பதும் குறைகிறது. நாவின் சுவை மங்குவதால் உப்பையும் சீனியையும் கூட்டிப் போடுகிறார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. இன்சுலின் ஏற்றுபவர்களும் சில வகை நீரிழிவுக் குளிசைகள் எடுப்பவர்களும் மருந்தை எடுத்துவிட்டு உணவைத் தவறவிட்டால், இரத்தத்தில் சீனியின் அளவு திடீரென இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் ஏற்படலாம். தனியாக இருக்கும் ஒருவருக்கு இரவில் இது நேர்ந்தால் விடியும்வரை யாருக்கும் தெரியாது.

வேலிப் பொட்டு

முன்னைய தலைமுறைப் பெண்களும் தனிமையை அறியாதவர்கள் அல்லர். ஆனால் அவர்களுக்கு வேலிப் பொட்டு இருந்தது. கிடுகு வேலியிலோ பனையோலை வேலியிலோ ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய அந்தச் சிறிய திறப்பு, யாழ்ப்பாணத்துப் பெண்களின் தனிப்பாதை. படலையால் போனால் ஊர் காணும். பொட்டுக்குள்ளால் போனால் நேரே அடுத்த வீட்டுக் குசினி. ஒரு கிண்ணத்தில் கத்தரிக்காய்ப் பால்கறி போகும். அதே கிண்ணம் வெறுமையாகத் திரும்பாமல் முருங்கையிலையோடோ இரண்டு தோடம்பழத்தோடோ வரும். துக்கமும் இரகசியமும் அதே வழியால்தான் போய்வந்தன.

ஆண்களுக்கு வாசிகசாலை இருந்தது. கோயில் வீதி, சந்தி, தவறணை எல்லாம் இருந்தன. பெண்களுக்குக் கிணற்றடியும் பொட்டும்தான். இன்று கிணற்றில் நீரிறைக்கும் இயந்திரம் பூட்டியாயிற்று. வேலி போய் மதில் வந்தாயிற்று. மதில் கள்வரைத் தடுக்கும் என்பது உண்மையே. ஆனால் மதிலுக்குப் பொட்டு வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

ஓர் அடுப்பில் பிறந்த சிநேகிதம்

வலிகாமத்தில் நான் அடிக்கடி சென்றுவரும் ஒரு கிராமத்தில், இந்த மதில்களைத் தாண்டிச் சிநேகிதம் காக்கும் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊரே அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடும். இன்னொருவர் தையல் தைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். மூன்றாமவர் சந்தையில் மரக்கறி விற்றவர். பாரிசவாதத்தில் படுத்திருக்கும் கணவரைப் பராமரிக்கிறார். மூவரும் எழுபதை அண்டியவர்கள் அல்லது கடந்தவர்கள்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமமே ஓரிரவில் வெளியேறித் தென்மராட்சிக்குப் போனபோது, கொடிகாமத்தில் ஒரே வீட்டு விறாந்தையில் ஒதுங்கியவை இவர்களது குடும்பங்கள். ஆளுக்கொரு அடுப்பு மூட்ட விறகும் இல்லை, பாத்திரமும் இல்லை. ஒரே அடுப்பில் ஒரே பானை ஏறியது. எங்கள் ஊர்களில் யார் வீட்டில் யார் கைநனைப்பது என்பதற்கும் சாதி பார்த்த வழக்கம் இருந்தது. இன்றும் அது முற்றாக ஒழிந்துவிடவில்லை. அதுவரை ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர்கூடக் குடித்திராதவர்கள் அந்தப் பானையிலிருந்து சேர்ந்து சாப்பிட்டார்கள். 1996இல் ஊர் திரும்பிய பின்னர் பலர் பழைய வழக்கத்துக்கே போய்விட்டனர். இவர்கள் போகவில்லை. "பசிக்கேக்கை சாப்பிட்ட சோறு, பசி போனாப் பிறகு தீட்டாகுமே?" என்று தையற்கார அம்மா கேட்பார்.

பிள்ளைகள் வளர்ந்து பறந்த பிறகு இந்தச் சிநேகிதம் ஓர் ஒழுங்குக்கு வந்தது. புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் முறைவைத்து ஒரு வீட்டில் சமையல். ஒருவர் அரிசி, ஒருவர் தேங்காய், ஒருவர் மரக்கறி. மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு, ஒரு மீன் குழம்பு, முருங்கையிலை வறை அல்லது வல்லாரைச் சம்பல், ஒரு சொதி. பெரிய விருந்து ஒன்றுமில்லை. படுக்கையில் இருப்பவருக்கு ஓர் ஏதனத்தில் முதலிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். மிச்சம் அடுத்த நாள் காலைக்குப் பழஞ்சோறாகும். ஆகவே வாரத்தில் நான்கு நாட்களாவது ஒழுங்கான சாப்பாடு வயிற்றுக்குள் போகிறது. 2022இல் எரிவாயுவுக்கு ஊர் முழுக்க வரிசையில் நின்ற மாதங்களில் இவர்கள் பெரிதாகத் திண்டாடவில்லை. மூன்று வீட்டுக்கும் ஒரு விறகடுப்புப் போதுமாக இருந்தது.

ஒருவருக்குக் காய்ச்ச முடியாத கூழ்

எங்கள் உணவுகளில் சில, தனியாள் சமையலுக்கு இணங்காதவை. ஒடியற் கூழ் அவற்றுள் முதலாவது. ஒடியல் மாவைக் கசப்புப் போக ஊறவைத்து நீரை வடிக்க வேண்டும். பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கும்போது ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பிறகு மீன், நண்டு, இறால் என ஒவ்வொன்றாகப் போட வேண்டும். செத்தல் மிளகாயை மஞ்சளோடு அரைத்து விட்டு, பழப்புளியில் ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றித் துழாவ வேண்டும். இறக்கும்போது முருங்கையிலை. ஒருத்தி நண்டு உடைக்க, ஒருத்தி பலாக்கொட்டை தோலுரிக்க, ஒருத்தி அடுப்பைப் பார்க்க, வாய் ஓயாமல் கதைக்க, இரண்டு மணித்தியாலம் போவதே தெரியாது. பனையோலைப் பிளாவில் வார்த்து ஊதி ஊதிக் குடிக்கும்போது, வந்த மருமகளும் நிற்பாள், கூப்பிட வந்த பேரனும் நிற்பான்.

ஆடிப்பிறப்புக் கூழும் இப்படித்தான். அரிசிமாவும் பயறும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் சேரும் அந்தக் கூழை ஒரு கோப்பை அளவுக்குக் காய்ச்சிய எவரையும் நான் கண்டதில்லை. தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டிலிருந்து முதலில் காணாமற் போவதும் இத்தகைய உணவுகள்தான். அவற்றோடு அந்தக் கைப்பக்குவமும் போய்விடும்.

ஜேர்மனியச் சமூகவியலாளர் ஜோர்ஜ் சிம்மல், 1910இல் எழுதிய ஒரு கட்டுரையில் உணவைப் பற்றி ஆழமான ஒரு கருத்தைக் கூறினார். ஒருவர் உண்ட கவளத்தை இன்னொருவர் உண்ண முடியாது. ஆகவே உண்ணுதலைப் போலத் தன்னலமான செயல் வேறில்லை. அப்படியிருந்தும் மனிதரை ஒன்றுகூட்டும் பெரும் வழக்கமாக அமைந்ததும் அதுவே என்பது அவர் வாதத்தின் சாரம். பல்கலைக்கழகத்தில் பாடமாகப் படித்த இக்கருத்தை விளங்கவைத்தவை இந்தக் குசினிகளே.

உரசலும் உண்டு

இவர்களுக்குள் பிணக்கே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். ஒருவருக்கு நீரிழிவு, ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம். உப்பைப் பற்றிய வழக்கு ஒவ்வொரு புதன்கிழமையும் நடக்கும். இப்போது பொதுப்பானைக்கு உப்பைக் குறைத்துப் போட்டு, தேசிக்காய்ப் புளியும் மிளகும் கூட்டுவதென்று ஒரு தீர்ப்புக்கு வந்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குக் குறைவான உப்பே ஒருவருக்குப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நீரிழிவு உள்ளவர் ஆடிக்கூழை ருசி பார்க்கலாம்; கோப்பை நிறையக் குடிக்க மற்ற இருவரும் விடமாட்டார்கள். செலவுக் கணக்கு ரீச்சரின் கொப்பியில் இருக்கிறது. ஓய்வூதியம் வாங்குபவர் அவர் ஒருவரே என்பதால் மீன் காசு அவருடையது. மற்றவர்களின் மானம் கெடாதிருக்கக் காணிக்குள் காய்ப்பது, கைவேலை எல்லாவற்றுக்கும் அந்தக் கொப்பியில் பெறுமதி போட்டிருக்கிறார்.

தையற்கார அம்மாவை மகள் ரொறன்ரோவுக்கு அழைத்தார். ஆறு மாதம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். "மகளிலை ஒரு குறையும் சொல்லேலாது. எல்லாம் வாங்கி அடுக்கி வைச்சிருந்தவள். பாவம், ரெண்டு வேலை. நான் சூடாக்கிச் சாப்பிடுவன், சுவரைப் பார்த்துக்கொண்டு" என்றார். அம்மாவுக்கு நன்றியில்லை என்று மகளுக்குக் கவலை. மகளை நோகடித்துவிட்டோமே என்று தாய்க்கும் கவலை. இருவரிலும் பிழையில்லை. தாய்க்கு வேண்டியது என்னவென்று இருவராலும் பெயர் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

முன்னர் இவர்கள் நால்வர். மூத்தவரை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். 2021இல் அவர் காலமானார். செலவு, அந்தியேட்டி எல்லாம் முடிந்த பின்னரும் மூன்று வீட்டிலும் கூட்டுச் சமையல் நடக்கவில்லை. ஒரு புதன்கிழமை ரீச்சர் ஒரு தேங்காயை எடுத்துக்கொண்டு தையற்கார அம்மா வீட்டுக்குப் போய், ஒன்றும் பேசாமல் திருவலையில் குந்தித் துருவத் தொடங்கினாராம். சற்று நேரத்தில் மற்றவரும் வந்துவிட்டார். அன்று முதல் திரும்பவும் மூன்று சுண்டு அரிசி.

நாம் என்ன செய்யலாம்?

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணிக்கக் கூடாது என்கிறது. இது தேவையான சட்டம்தான். ஆனால் கூட இருந்து சாப்பிட ஓர் ஆளைச் சட்டத்தால் தர முடியாது. அதைக் குடும்பமும் அயலுமே செய்யலாம்.

• அம்மா சிநேகிதி வீட்டுக்குப் போவதை "ஊர்க்கதை கதைக்கப் போறா" என்று பழிக்காதீர்கள். அது அவருக்கு மருந்து.

• பேரப்பிள்ளையைப் பார்ப்பதற்கும் வீட்டைக் காப்பதற்குமாக அவரது ஏழு நாட்களையும் எடுத்துவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது அவருடையதாக இருக்கட்டும்.

• உங்கள் ஊர் முதியோர் சங்கம் கூட்டம் கூடித் தேநீரோடு கலைவதாக இருந்தால், மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் நாளாக அதை மாற்றிப் பாருங்கள். ஆண்களையும் தேங்காய் துருவ விடுங்கள். மனைவியை இழந்த ஆண்களில் பலர் சோறாக்கவே தெரியாமல் தவிக்கிறார்கள்.

• சேர்ந்து சமைப்பவர்கள் ஒருவரது மருந்துகளையும் அவை எடுக்கும் வேளைகளையும் மற்றவர் அறிந்திருக்கட்டும். வீட்டுத் திறப்பு ஒன்றும், பிள்ளைகளின் தொலைபேசி இலக்கமும் சிநேகிதியிடம் இருக்கட்டும்.

• சமைத்து ஓய்ந்துபோனேன், இனி முடியாது என்று சொல்லும் பெண்ணை வற்புறுத்தவும் வேண்டாம். வாழ்நாள் முழுதும் அடுப்படியில் நின்றவருக்கு, இன்னொருவர் சமைத்ததை இருந்து சாப்பிடும் உரிமையும் உண்டு. கூடியிருப்பதுதான் முக்கியம், கரண்டி யார் கையில் என்பதல்ல.

வெளிநாட்டிலிருந்து பேசும் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் கேட்கும் கேள்வி, "அம்மா, சாப்பிட்டீங்களோ?" என்பது. ஓம் என்று சொல்லிவிடுவது தாய்மாருக்கு மிகச் சுலபம். இனி, "ஆரோடை சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பெயர் வந்தால் நிம்மதியாக இருங்கள். மௌனம் வந்தால், அடுத்த முறை பணம் அனுப்பும்போது அயலில் இருக்கும் அவரது பழைய சிநேகிதிக்கும் ஓர் அழைப்பு எடுங்கள்.