முகமூடியின் சிறு துளைகள்

சென்ற ஆண்டு தணிக்கையின் பொருட்டு நாம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்குச் சென்றிருந்தபோது, மூத்த அங்கத்தினர் ஒருவரது இல்லத்தில் இராத் தங்க நேர்ந்தது. இருதய பலவீனத்தால் மருத்துவமனையில் இருந்து திரும்பியிருந்த அப்பெரியவர், மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி ஒன்றை அணிந்து, குழாய் வழியே காற்றைச் செலுத்தும் சிறு யந்திரத்தின் துணையுடன் உறங்கி வந்தார். முகமூடியின் முன்புறத்துச் சிறு துளைகளின்மேல் பிளாஸ்திரி ஒட்டப்பட்டிருந்தது. காரணம் வினவினோம். "காற்று வீணாய்ப் போகிறதே என்றுதான் அடைத்தேன் ஐயா, உஸ்ஸென்ற சத்தமும் அப்பாவின் தூக்கத்தைக் கெடுக்கிறது" என்றார் மகன். பெரியவரோ தலைபாரத்துடன் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

மகன் செய்தது அன்பினால் செய்த காரியமே. ஆயினும் அத்துளைகள் யந்திரத்தின் குறைபாடு அல்ல. நாம் வெளிவிடும் கரியமில வாயு தப்பிச் செல்வதற்கென்றே வைக்கப்பட்ட வாயில்கள். இத்தகைய யந்திரங்கள் இன்று கிராமத்து வீடுகளிலும் காணப்படுவதால், இதனைச் சற்று விரிவாக எழுதத் துணிந்தோம்.

உறக்கத்தில் மூச்சு நிற்பது இருவகைப்படும். தொண்டையின் தசைகள் தளர்ந்து வழி அடைபடுவது ஒன்று. இவ்வகையில் மார்பு மூச்சுக்குப் போராடும், காற்றுத்தான் செல்லாது. மற்றொன்றில் வழி திறந்தே இருக்கும். ஆனால் மூச்சுவிடும்படி மூளையிலிருந்து கட்டளையே வாராது. மார்பு அசைவற்றிருக்கும். இதனையே மருத்துவர்கள் சென்ட்ரல் ஸ்லீப் அப்னியா என்பர். இருதய பலவீனம், பக்கவாதம், அபினி இனத்து வலிநிவாரண மருந்துகள், மிக உயர்ந்த மலைவாசம் முதலியவற்றால் இது நேரும். முதல் வகைக்கென யந்திரம் வைத்தவர்களில் சிலருக்குச் சிகிச்சையின் தொடக்கத்தில் இது தோன்றி, பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிவதும் உண்டு.

கட்டளை ஏன் நிற்கிறது? உறங்கும்போது நம் மூச்சை நடத்துவது முக்கியமாக இரத்தத்திலுள்ள கரியமில வாயுவின் அளவேயாகும். அது ஓர் எல்லைக்குக் கீழ் இறங்கினால், மூச்சுக்கு இப்போது அவசியமில்லை என்று மூளை வாளாவிருந்துவிடும். இருதயம் பலவீனப்பட்டவர்க்கு இரத்த ஓட்டமும் தாமதம். ஏரி மதகை இயக்குபவனுக்குக் கடைமடையின் செய்தி அரைமணி தாமதித்துக் கிட்டினால் என்ன ஆகும்? வயல் காய்கிறது என்று கேட்டு மதகை முழுதும் திறப்பான். வெள்ளம் என்று கேட்டு அடியோடு அடைப்பான். மூச்சும் அவ்வாறே பெருகிப் பெருகிப் பின் சிறுத்து நின்றுவிடுகிறது. டப்ளின் நகரத்து மருத்துவர்களான செயின் 1818-லும் ஸ்டோக்ஸ் 1854-லும் இந்த ஏற்றத்தாழ்வை விவரித்துள்ளனர். அது இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

காற்றழுத்த யந்திரத்தை ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துக் காலின் சல்லிவன் 1981-இல் வெளியிட்டார். அஃது அடைபடும் தொண்டைக்காக எழுந்தது. (முதல் முகமூடிகளை இரவுதோறும் பசையிட்டு மூக்கில் ஒட்ட வேண்டியிருந்ததாம், இன்று பட்டை உறுத்துகிறதென்று அலுத்துக்கொள்பவர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்!) கட்டளை நிற்கும் வகைக்கு அழுத்தம் மட்டும் எல்லோருக்கும் போதுவதில்லை.

இங்கேதான் முகமூடியை மாற்றியமைக்கும் யோசனை பிறந்தது. கரியமில வாயு குறைவதால் மூச்சு நிற்கிறதெனில், அதில் சிறிதளவை நிறுத்தி வைத்தால் என்ன? அமெரிக்காவில் போஸ்டன் நகரத்துப் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையைச் சார்ந்த மருத்துவர்கள் 2010-இல் இம்முறை பற்றி எழுதினர். துளையில்லாத முகமூடியை எடுத்து, அதற்கும் காற்று வெளியேறும் வாயிலுக்கும் இடையே சிறிய குழாய்த்துண்டு ஒன்றைச் சேர்ப்பர். அதன் கொள்ளளவு 50 முதல் 150 மில்லி லிட்டர் வரை இருக்கலாம். வெளிவிட்ட மூச்சின் கடைசிப் பகுதி அக்குழாயில் தங்கி, அடுத்த மூச்சுடன் உள்ளே திரும்பும். வெளிக்காற்றில் கரியமில வாயு 10,000-த்தில் சுமார் 4 பங்கு. மூச்சின் கடைசிப் பகுதியிலோ 100-க்குச் சுமார் 5 பங்கு. ஆகவே சிறு குழாய்த்துண்டும் பெரிய வேலை செய்யும்.

அப்படியானால் துளையை அடைத்த மகன் செய்ததும் அதுதானே என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். இல்லை. அங்கே குழாயின் அளவு கணக்கிடப்பட்டது. வெளியேறும் வாயில் திறந்தே உள்ளது. நோயாளி உறங்குகையில் கரியமில வாயு அளக்கப்படுகிறது. பிளாஸ்திரிக்கு இக்கணக்கு ஒன்றும் இல்லை. நுரையீரல் நோயாலோ மிகுந்த உடற்பருமனாலோ ஏற்கெனவே கரியமில வாயு தேங்கியுள்ளவர்க்கு இன்னும் கொஞ்சம் சேர்ப்பது பெருங்கேடு. மின்சாரம் நின்றால் வெளிக்காற்றை உள்ளே விடும் காப்பு அடைப்பான், துளையில்லாத மருத்துவமனை முகமூடிகள் சிலவற்றில் இராது. நள்ளிரவில் மின்சாரம் போகும் ஊர்களில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

மூச்சு சீரானால் நோயும் சீராகும் என்று எண்ணுவதும் எப்போதும் சரியன்று. ஒவ்வொரு மூச்சையும் கவனித்துத் தானே ஈடுசெய்யும் நுட்பமான யந்திரம் ஒன்று உண்டு. இருதயத்தின் இறைக்கும் சக்தி மிகக் குறைந்த 1,325 நோயாளிகளைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. யந்திரம் மூச்சை ஒழுங்காக்கியது மெய்யே. எனினும் அதனை உபயோகித்தவர்களில் இருதய, இரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தோர் 100-க்கு 29.9, உபயோகிக்காதவர்களில் 24. அத்தகைய நோயாளிகளுக்கு அதனைத் தரலாகாதென எச்சரிக்கை பிறந்தது. நிபுணர்களின் கணிப்பே பொய்த்த இடத்தில் வீட்டார் கத்தரியும் பிளாஸ்திரியும் கொண்டு முயல்வது முறையன்று என்பது நம் கருத்து.

வீட்டில் செய்யத்தக்கவை இல்லாமல் இல்லை. முகமூடி முகத்தின் அளவுக்கு ஏற்றதா என்று பார்க்கலாம். பெரும்பாலான ஒழுகல் அளவுக் கோளாறே. பட்டையை இறுக்க இறுக்க ஒழுகல் குறையும் என்பது தவறு. மெத்தை கசங்கி மேலும் ஒழுகும். பட்டை உறுத்தும் இடத்தில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றலாம், நம் தறித்துணியே போதும். துளைமேல் மட்டும் படலாகாது. முகத்தில் படும் பகுதியை நாள்தோறும் மிதமான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துக. ஈரமூட்டும் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீரே நல்லது. ஒரு கம்பெனியின் முகமூடியை மற்றொரு கம்பெனியின் யந்திரத்தோடு சேர்க்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். துளை வழியே செல்லும் காற்றின் அளவு முகமூடிக்கு முகமூடி வேறுபடும். காலைத் தலைவலியும் பகல் மயக்கமும் தொடர்ந்தால் அடுத்த மாத முறைக்குக் காத்திராமல் உடனே சொல்ல வேண்டும்.

அன்று காலையே மகன் பிளாஸ்திரியை உரித்தார். பெரியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, ஒரு சுற்றுச் சிறிய முகமூடி தரப்பட்டதாகப் பின்னர்க் கடிதம் எழுதியிருந்தார். உஸ்ஸென்ற சத்தம் இன்னும் இருக்கிறதாம். கட்டிலைத் தறிக்கூடத்துப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.