துருவைக் கொண்டே துருவைத் தடுப்போம்

மழையில் நனைந்த இரும்பு மறுநாளே சிவந்துவிடுவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். ஆனால், பழைய வேட்டைத் துப்பாக்கியின் குழல் மட்டும் கருநீலமாக மின்னுவது ஏன்? அது சாயம் அன்று. அதுவும் ஒருவகைத் துருவே என்றால் நம்புவீர்களா?

செந்துரு எஃகோடு ஒட்டாமல் உதிரும். ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளிருக்கும் இரும்பையும் அரிக்கும். மேக்னடைட் எனப்படும் கருந்துருவோ மெல்லிய படலமாக எஃகை இறுகப் பற்றும். பூசிய எண்ணெயையும் தக்கவைக்கும். செந்துரு படிந்த எஃகைக் கொதிநீரில் இட்டால், அத்துரு கருந்துருவாக மாறும். குழல்களுக்கு நீலமேற்றும் பழைய முறை இதுவே. ஈயப்பற்று வைத்து இணைத்த இரட்டைக்குழல் துப்பாக்கிகளுக்கு இன்றும் இம்முறையே ஏற்றது. ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் சூட்டில் பயன்படும் காரக் கரைசல் அந்தப் பற்றை அரித்துவிடும். வீட்டில் செய்வதற்கும் அது ஆபத்தானது.

மலேசியாவில் துப்பாக்கிகள் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. ஆகவே, நான் இதைச் செய்து பார்த்தது தாத்தா தோட்டத்தில் பயன்படுத்திய பாராங் கத்தியில்தான்.

முதலில் குறுக்குவழியில் இறங்கினேன். கடையில் வாங்கிய நீலத் திரவத்தைத் தேய்த்தேன். ஐந்தே நிமிடத்தில் கறுத்தது. ஒரு மாதத்தில் என் விரல் பட்ட இடமெல்லாம் சிவந்தது. எண்ணெய்ப் பசையை நீக்காதது என் தவறு. "நாப்பது வருஷமா இதுல துரு ஏற விட்டதில்லப்பா," என்றார் தாத்தா. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடியும் தொடங்கினேன். பிடியைக் கழற்றி, 400ஆம் எண் மணல்தாளால் ஒரே திசையில் தேய்த்தேன். கீறல் இருந்தால் நீலத்தின் அடியிலும் அது தெரியும். கையுறை அணிந்து, அடுப்பிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் அசிட்டோனால் துடைத்தேன். மருந்துக் கடையில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில் சிறிது உப்பிட்டு மெல்லியதாகப் பூசினேன். செந்துரு சீராகப் படிந்ததும், நீண்ட எவர்சில்வர் பாத்திரத்தில் 20 நிமிடம் கொதிக்க வைத்தேன். குழாய்நீரிலுள்ள தாதுக்கள் கறை விடலாம் என்பதால் வடிநீரையே பயன்படுத்தினேன். மேலே படிந்த கரித்தூளைப் பசையற்ற எஃகுப் பஞ்சால் மெதுவாகத் துடைத்தேன். இவ்வாறு ஆறு முறை செய்த பிறகே நிறம் ஆழ்ந்தது. இறுதியில் சுத்தமான நீரில் மீண்டும் கொதிக்க வைத்து, உலர்த்தி, எண்ணெய் பூசினேன்.

நெருப்பில் வாட்டினாலும் எஃகு ஏறத்தாழ 300 பாகையில் நீலமாகும். ஆனால், கத்தியின் கூர்முனை மென்மையடைந்துவிடும். கொதிநீர் 100 பாகையைத் தாண்டாததால் அந்த அச்சமில்லை.

ஆக்சிஜனேற்றத்தை இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழியில் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். தாத்தாவிடம் தமிழில் விளக்கியபோதுதான் அது எனக்கே முழுமையாக விளங்கியது. கேட்டு முடித்தவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, வழக்கம்போல் எண்ணெய்த் துணியைத் தேடினார்.

நண்பர்களே, நீலம் ஏற்றுவது ஒருமுறைதான். எண்ணெய் பூசுவதோ நாள்தோறும் செய்யவேண்டிய கடமை!